இரைப்பைக்கு ஒரு வளையம்

நெய்வேலிக்கு வெளியூர் நண்பர்கள் வந்தால் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வியப்பது, சக்கரத்தில் வாளிகளைக் கோத்துக்கொண்டு மண்ணைச் சுரண்டும் அந்தப் பேருருவ எந்திரத்தைத்தான். நான் மட்டும், "எந்திரம் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய்களைப் பாருங்கள்" என்பேன். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மாபெரும் நீர்த்தேக்கம் ஒன்று உள்ளது. அந்த நீர் சும்மா கிடப்பதன்று. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்துடன் அது மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலுள்ள மண்பாரத்தை அகற்றிவிட்டு இந்த அழுத்தத்தை அப்படியே விட்டுவைத்தால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கிவிடும். 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஜவகர்லால் நேரு தோண்டும் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி முகம் காட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொறியாளர்கள் மண்ணோடு மட்டும் போராடவில்லை. இந்த நீரழுத்தத்தோடும் போராடினார்கள். இன்றும் இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. குறைவாக இறைத்தால் தரைக்கு ஆபத்து. கூடுதலாக இறைத்தால் நீர் வீண். அளவு தெரிந்து இறைக்க வேண்டும்.

என் தாய்மாமன் இந்த இறைப்பு வேலையில்தான் முடி நரைத்தார். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவருடைய அன்றாடப் பணி. அப்படிப்பட்டவரின் வயிற்றுக்குள்ளேயே 2010ஆம் ஆண்டு ஓர் அழுத்தக் கருவி பொருத்தப்பட்டது. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி மாட்டப்பட்ட சிலிக்கோன் வளையம் அது. உள்ளே நீரை ஏற்றினால் இறுகும், இறக்கினால் தளரும். அந்த வளையம் எப்படிப் பிறந்தது, எப்படிப் பரவியது, ஏன் மறைந்துகொண்டிருக்கிறது என்பதையும், அதை முதன்முறையாக இறுக்கும் நாளில் என்ன நடக்கும் என்பதையும் இங்கே சொல்லப் போகிறேன். இன்று இதைப் புதிதாகப் பொருத்திக்கொள்வோர் மிகச் சிலரே. ஆனால் பொருத்திக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு.

முதலில் ஒரு சிறு கணக்கு. உங்கள் எடையைக் கிலோகிராமில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். எடையை இந்தப் பெருக்குத் தொகையால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். மாமாவின் எடை அப்போது 126 கிலோ, உயரம் 1.68 மீட்டர், எண் ஏறக்குறைய 45. இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் முதலில் போட்டவர் மருத்துவர் அல்லர். பெல்ஜிய நாட்டு வானியலாளர் அடால்ப் கெட்லே. விண்மீன்களை அளந்தவர் மனிதர்களையும் அளந்து பார்த்தார். பருமனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் நோக்கமே அன்று. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்றறியவே விரும்பினார். அந்தக் கணக்கு மருத்துவர்களிடம் வந்து சேர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது 1972இல்.

மேலை நாடுகளில் 30க்கு மேற்பட்ட எண்ணைப் பருமன் என்கிறார்கள். இந்தியர்களுக்கு 23இலேயே ஆபத்து தொடங்குகிறது. ஏனெனில் அதே எண்ணில் நமக்குக் கொழுப்பு அதிகம்; அதுவும் வயிற்றைச் சுற்றியே அதிகம். சர்க்கரை நோயும் நம்மை முன்னதாகவே பிடிக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் 25ஐத் தொட்டவர்களோ தாண்டியவர்களோ ஆவர். எனவே இது யாரோ சில பெருந்தீனிக்காரர்களின் சங்கதி என்று நீங்கள் எண்ண வேண்டாம்.

குடலை வெட்டிய காலம்

பருமனை அறுவையால் தீர்க்கலாம் என்ற எண்ணம் 1950களில் எழுந்தது. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மருத்துவர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமலே போகும்படி தொடக்கத்தையும் முடிவையும் இணைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது உண்மை. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் பழுது என்று பின்விளைவுகள் வரிசையாக வந்தன. 1980ஐ ஒட்டி அந்த முறை கைவிடப்பட்டது. உணவு செரித்த பிறகு அதை உடம்பு ஏற்காமல் தடுப்பது கொடிய வழி என்பதை மருத்துவ உலகம் நோயாளிகளின் உடம்பில்தான் கற்றது.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப்பட்டவர்கள் மெலிகிறார்கள், மெலிந்தபடியே இருக்கிறார்கள். அப்படியானால் குடலை விட்டுவிட்டு இரைப்பையைச் சிறிதாக்கினால் என்ன? 1966இல் அவரும் இட்டோ என்பவரும் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார்கள். இன்றும் அது, பல திருத்தங்களோடு, வழக்கில் இருக்கிறது. ஆனால் வெட்டுவதும் தைப்பதும் அதில் நிறைய. தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வெட்டாமல், தைக்காமல், இரைப்பையின் மேற்பகுதியை வெளியிலிருந்து கட்டிவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

கயிறும் வளையமும்

1978இல் அமெரிக்காவில் வில்கின்சன் என்பவர் இரைப்பையின் மேற்பகுதியைச் செயற்கை இழை வலையால் சுற்றிக் கட்டினார். 1980இல் மொலினா என்பவர் டேக்ரான் துணிப்பட்டையைப் பயன்படுத்தினார். மூட்டையின் கழுத்தைக் கட்டுவது போன்ற வேலைதான். இதிலுள்ள சங்கடம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒருவருக்குப் பொருந்திய இறுக்கம் மற்றவருக்குப் பொருந்தாது. ஒருவருக்கே இன்று பொருந்தியது ஆறு மாதம் கழித்துப் பொருந்தாது. மிக இறுக்கினால் வாந்தி, தளர்த்தினால் பயனில்லை. திருத்த வேண்டுமானால் வயிற்றை மறுபடி கிழிக்க வேண்டும்.

இங்கே சற்று நின்று, 1912ஆம் ஆண்டுக்குப் போய்வருவோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் பசி என்பது என்ன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ஒரு சிறு ரப்பர்ப் பலூனை விழுங்கினார். பலூனிலிருந்து வந்த குழாய் வாய் வழியே வெளியேறி ஓர் அழுத்தமானியில் முடிந்தது. இரைப்பை சுருங்கும்போதெல்லாம் அழுத்தம் ஏறியது. வாஷ்பர்ன் தமக்குப் பசி கிள்ளுவதாகக் குறித்த நேரங்களும் அவையே. (பசியின் முழு விளக்கம் அதுவன்று என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் பலூனை விழுங்கிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்த அந்த மாணவரை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.) பலூன், குழாய், அழுத்தம் என்ற மூன்றும் அன்றே ஒன்றாக வந்துவிட்டன. அன்று இரைப்பை பலூனை அழுத்தியது. அதைத் திருப்பிப் போட்டு, பலூன் இரைப்பையை அழுத்தும்படி செய்ய 70 ஆண்டுகள் ஆயின.

திருப்பிப் போட்டவர்கள் ஒருவர் அல்லர். ஆஸ்திரியாவில் சினிட்ஸ் என்பவரின் குழு 1980களின் தொடக்கத்தில் விலங்குகளில் ஊதக்கூடிய வளையத்தைச் சோதித்தது. சுவீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் இருவரும் 1985இல் தங்கள் வளையத்தை அறிவித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பணியாற்றிய உக்ரேனிய வழியினரான லூபோமிர் குஸ்மாக், 1983இல் சாதாரண சிலிக்கோன் வளையத்தைப் பொருத்தத் தொடங்கினார்; அதன் உட்புறத்தில் ஒரு பலூனைச் சேர்த்து, தோலுக்கடியில் ஒரு சிறு நீர்ப்பெட்டியோடு குழாயால் இணைத்து, 1986இல் காப்புரிமை பெற்றார். உலகம் அவர் பெயரையே அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

கருவியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இரைப்பை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சட்டைக் கழுத்துப் பட்டை போல வளையம். அதன் வெளிப்புறம் விறைப்பானது; உட்புறம் மெல்லிய பலூன். எனவே நீர் ஏறினால் வளையம் வெளியே விரியாது, உள்ளேதான் புடைக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுச் சுவரை நோக்கி வந்து, தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தைத்து வைக்கப்பட்ட, பொத்தான் அளவுள்ள பெட்டியில் முடிகிறது. பெட்டியின் மூடி தடித்த சிலிக்கோன். ஊசியால் குத்தலாம், எடுத்தால் துளை தானே மூடிக்கொள்ளும்.

எந்த ஊசியாலும் குத்திவிடக் கூடாது. சாதாரண ஊசியின் கூர்முனை ரப்பரிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டியெடுத்துவிடும். பத்துமுறை குத்தினால் மூடி ஒழுகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பல் மருத்துவர் ரால்ஃப் ஹியூபர் 1940களில் முனையைச் சற்று வளைத்து ஓர் ஊசியை வடிவமைத்தார். வளைந்த முனை ரப்பரை வெட்டியெடுக்காமல் பிளந்துகொண்டு நுழைகிறது. ஒரு பல் மருத்துவரின் சிறு வளைவு இல்லாவிட்டால் குஸ்மாக்கின் பெட்டி சில மாதங்களே தாங்கியிருக்கும்.

சாவித் துளை வழியே

வளையத்தைப் பொருத்த வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தவரை அது பெரிதாகப் பரவவில்லை. அதைப் பரப்பியது உள்நோக்கி அறுவை. சிறு துளைகள் வழியே குழாய்க் கேமராவையும் நீண்ட கருவிகளையும் நுழைத்துச் செய்யும் இந்த முறையில் பித்தப்பையை ஜெர்மனியில் மூஹே 1985இலும், பிரான்சில் மூரே 1987இலும் அகற்றினார்கள். இந்தியாவில் இதை முதலில் செய்தவர் தெஹம்டன் உட்வாடியா. 1990இல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்திலேயே கோவையில் இதை வேரூன்றச் செய்தவர் டாக்டர் சி. பழனிவேலு. இளமையில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, பிறகு தாமதமாகப் பள்ளிப்படிப்பை முடித்து மருத்துவரானவர் அவர்.

இதைச் சொல்லும்போது இன்னொருவர் நினைவு வருகிறது. எத்தியோப்பிய மலைநாட்டில் சிறுவயதில் ஆடு மேய்த்த மிட்டிக்கு பெலாச்செவ், பெல்ஜியத்தில் அறுவை மருத்துவரானார். குஸ்மாக்கின் வளையத்தைத் துளைவழி அறுவைக்கு ஏற்றபடி மாற்றியமைத்து, பன்றிகளில் பழகி, 1993 செப்டம்பர் 1ஆம் நாள் ஊய் என்ற சிறு நகரத்தில் ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அதற்கு முந்தைய ஆண்டே வேறு சிலரும் முயன்றிருந்தார்கள். ஆயினும் இதற்கென்றே செய்த வளையத்தை முறைப்படி பொருத்திப் பரப்பிய பெருமை அவருடையது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளையம் வேகமாகப் பரவியது. அமெரிக்க அரசு 2001 ஜூனில் அனுமதி அளித்தது. நம் நாட்டுப் பெருநகர மருத்துவமனைகளுக்கும் வந்தது.

முதல் இறுக்கம்

அறுவை முடிந்து வீடு திரும்புகிறவரின் வளையம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. "வளையம் போட்டாயிற்று, இன்னும் பசிக்கிறதே" என்று கலங்குகிறார்கள். தம் மனவுறுதியையே சந்தேகிக்கிறார்கள். அவர்கள் மீது குற்றம் இல்லை. வளையம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அவ்வளவே. அறுவையால் திசுக்கள் வீங்கியிருக்கும். வளையத்தைச் சுற்றி நார்த்திசு படர்ந்து அதை நிலைநிறுத்த வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகே முதல் இறுக்கம்.

நீங்களோ உங்களைச் சேர்ந்தவரோ அதற்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மயக்க மருந்து கிடையாது. மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள். மருத்துவர் விரலால் தடவிப் பெட்டியைத் தேடுவார். கொழுப்பு தடித்தவர்களுக்கு விரலுக்குத் தட்டுப்படாது. எக்ஸ்-கதிர்த் திரையில் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். தலையைச் சற்றே தூக்கச் சொன்னால் வியந்து போகாதீர்கள். வயிற்றுத் தசை இறுகினால் பெட்டி மேலெழுந்து கைக்கு அகப்படும். தோலைத் துடைத்துவிட்டு, வளைமுனை ஊசியைச் செங்குத்தாக இறக்குவார். இரத்தம் எடுக்கும்போது உறுத்துகிற அளவுக்குத்தான் உறுத்தும். ஊசி பெட்டியின் அடித்தட்டைத் தொட்டதும் மருத்துவரின் கைக்குத் தெரியும். முதலில் சற்றே உறிஞ்சிப் பார்ப்பார். பிறகு உப்புநீரைச் செலுத்துவார்.

ஏன் உப்புநீர்? சிலிக்கோன் வழியே நீர் மிக மெதுவாகக் கசியும். உடல்நீரில் உள்ள அதே அளவு, அதாவது 100 பங்குக்கு 0.9 பங்கு உப்பு இருந்தால் இருபுறமும் சமமாகி, கசிவு குறையும். ஏன் காற்று கூடாது? காற்று அழுங்கும், விரியும். விமானத்தில் ஏறினால் வளையம் தானே இறுகிவிடும். நீர் அப்படிச் செய்யாது. ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் நீரெங்கும் பரவும் என்ற பாஸ்கல் விதியை ஒன்பதாம் வகுப்பில் படித்தீர்களே, அதேதான்.

பிறகு எழுந்து உட்கார வைத்து ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பார்கள். நிதானமாக இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். சில இடங்களில் பேரியக் கரைசலைக் குடிக்கச் சொல்லி, அது வளையத்தைக் கடப்பதைத் திரையில் பார்ப்பார்கள். இதுவும் கேனன் வழிவந்ததே. 1896ஆம் ஆண்டின் இறுதியில், ராண்ட்ஜன் கதிர் கண்டுபிடித்து ஓராண்டு கடந்திருந்தபோது, மாணவராக இருந்த கேனன் ஒரு வாத்துக்குப் பிஸ்மத் கலந்த தீனியைக் கொடுத்து, அது தொண்டையில் இறங்குவதைத் திரையில் பார்த்தார்.

எவ்வளவு நீர்? பழைய சிறு வளையங்கள் மொத்தமே 4 மில்லி லிட்டர் கொள்ளும். பின்னர் வந்தவை 10 முதல் 14 வரை. ஒவ்வொரு தடவையும் சிறிதளவே ஏற்றுவார்கள். ஏன் ஒரேயடியாக ஏற்றிவிடக் கூடாது? என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கை உங்களுக்கும் தருகிறேன். எண்கள் கற்பனை, கருத்து மெய். வளையத்துக்குள் உணவு இறங்கும் வழியின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்க. ஒவ்வொரு மில்லி லிட்டரும் அதில் மூன்றில் இரண்டு சதுர சென்டிமீட்டரை அடைக்கிறது என்க. முதல் மில்லி லிட்டருக்குப் பின் 2.33, இரண்டாவதற்குப் பின் 1.67, மூன்றாவதற்குப் பின் 1, நான்காவதற்குப் பின் 0.33. குழாயில் ஓடும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. அதாவது பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் மில்லி லிட்டர் ஓட்டத்தை ஐந்தில் மூன்று பங்காகக் குறைக்கிறது. நான்காவது மில்லி லிட்டரோ, அதற்கு முன்பிருந்த ஓட்டத்தை ஒன்பதில் ஒரு பங்காக்கிவிடுகிறது! ஊசியில் ஒரே அளவுதான். உடம்பில் ஒரே விளைவு அன்று. இரைப்பை இரும்புக் குழாயும் அன்று, இட்டிலி தண்ணீரும் அன்று. எனவே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இறுதிச் சொட்டுகள் ஏன் அபாயமானவை என்பது இதிலிருந்து விளங்கும்.

சரியான இறுக்கத்தில் வளையம் தரும் அழுத்தம் 20 முதல் 30 மில்லி மீட்டர் பாதரசம்தான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். 25 என்று கொண்டால், அது 34 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம். வீட்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்தால் அடியில் இருக்கும் அழுத்தத்தைப் போன்றது. நெய்வேலியின் அடிநீர் முட்டுவது இதைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. இவ்வளவு மெல்லிய தொடுகைக்கு மனிதன் ஏன் அடங்குகிறான்? வளையம் வெறும் அடைப்பு என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பால் ஓ'பிரையன் குழுவினர் வேறு விளக்கம் தந்தார்கள். நன்கு மென்ற ஒரு சிறு கவளத்தை உணவுக்குழல் சில முறை சுருங்கிச் சுருங்கி வளையம் வழியே தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலிலும் அவ்விடத்து நரம்பு முனைகள் அழுத்தப்பட்டு, 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. எனவே மெல்ல உண்பவருக்கே வளையம் பயன்படும். அவசரப்படுகிறவருக்கு அது அடைப்பாகிவிடும்.

பேருந்தில் நடந்தது

மாமாவின் முதல் இறுக்கத்துக்குத் துணையாகச் சென்னைக்குப் போனவன் நான். அப்போது எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். ஊசி ஏற்றினார்கள்: 3 மில்லி லிட்டர். தண்ணீர் குடித்துக் காட்டினார், நன்றாக இறங்கியது. கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. நான்காக மடித்து என் பையில் வைத்தேன். படிக்கவில்லை.

திரும்பும் வழியில் பேருந்து ஓர் உணவு விடுதியில் நின்றது. காலையிலிருந்து சாப்பிடாதவர். "தண்ணி இறங்கிச்சே மாப்ளே, பரோட்டா இறங்காதா?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டாவது கவளத்திலேயே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது; விழுங்க முடியவில்லை. பேருந்துக்குப் பின்னால் நின்று நெடுநேரம் வாந்தியெடுத்தார். நெய்வேலியில் எங்கள் வட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு 11 மணி. அதற்குள் தண்ணீரும் இறங்கவில்லை. வாந்தியெடுத்த திருகலில் உட்சுவர் வீங்கி, மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிட்டது என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியாது. அத்தை அழுதுகொண்டே இருந்தார்.

விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாளைப் பிரித்தேன். முதல் வரியிலேயே இருந்தது: இரண்டு நாள் நீராகாரம் மட்டும், பிறகு சில நாள் குழைந்த உணவு, அதன் பின்னரே கெட்டியானது. கீழே, தண்ணீர் இறங்காவிட்டால் தாமதிக்காமல் வரவும் என்றும் இருந்தது. விடியற்காலை முதல் பேருந்தில் மறுபடி சென்னை. 1 மில்லி லிட்டரை வெளியே எடுத்தார்கள். எடுத்த சில நிமிடத்தில் தண்ணீர் குடித்தார். ஊசி போட்டவர் மாமாவைப் பார்த்து, வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு எந்த வளையமும் பயன்படாது என்றார். மாமா தலை குனிந்துகொண்டார். தாள் என் பையில் இருந்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

பேருந்தில் திரும்பும்போதுதான் அவருக்குப் புரியும் மொழியில் சொன்னேன்: இது பூட்டு அன்று மாமா, இறைப்பு மாதிரி, முள்ளைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும் என்று. "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். மறுநாளே ஒரு பதிவேடு தொடங்கினார். தேதி, ஏற்றியது, இறக்கியது, மீதி, என்ன இறங்குகிறது, என்ன இறங்கவில்லை என்று பத்திகள். முதல் ஆண்டில் ஆறு முறை சென்னை போய்வந்து, 5.5 மில்லி லிட்டரில் நிலைத்தார். இரண்டு ஆண்டில் 126 கிலோ 98 ஆயிற்று. சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்தது.

ஏறியதும் இறங்கியதும்

அவருக்குக் கிடைத்தது தனிப்பட்ட அதிருஷ்டம் அன்று. 2008இல் ஜான் டிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 60 பேரில் பாதிப்பேருக்கு வளையம் பொருத்தினார்கள். இரண்டு ஆண்டில் அவர்களில் 100க்கு 73 பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 13 பேருக்கே அடங்கியது. ஓ'பிரையனின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, 15 ஆண்டு கடந்தும் மிகையெடையில் ஏறக்குறைய பாதி குறைந்தபடியே நிற்பதைக் காட்டியது. அதே அறிக்கையின் மறுபக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். வளையத்துக்கு மேலுள்ள பை விரிந்துவிட்டதால் 100க்கு 26 பேருக்கும், பெட்டியோ குழாயோ பழுதானதால் 21 பேருக்கும் மறுபடி அறுவை செய்ய வேண்டியிருந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் 12 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்க்கப்பட்ட 82 பேரில் ஏறக்குறைய பாதிப்பேரின் வளையத்தைக் கழற்றிவிட நேர்ந்தது. சிலருக்கு வளையம் இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளேயே புகுந்துவிட்டது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு ஏன்? வளையத்தின் தரம் மாறியதும் ஒரு காரணம். ஆனால் என் எண்ணம், பொருத்திய பிறகு எத்தனை முறை, எவ்வளவு பொறுமையாகச் சரிசெய்தார்கள் என்பதே பெரிய காரணம். அறுவை ஒரு மணி நேர வேலை. சரிசெய்தல் ஆயுள்கால வேலை. அந்த வேலைக்கு உலகத்து மருத்துவமனைகளுக்குப் பொறுமை இல்லை. இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி அகற்றும் முறை வந்தது. அதில் பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் எங்கே உண்டாகிறதோ அந்தப் பகுதியே போய்விடுகிறது. மறுபடி ஊசி இல்லை, நீர் இல்லை. அமெரிக்காவில் 2011இல் பருமன் அறுவைகளில் 100க்கு 35 வளையமாக இருந்தது. 2016இல் 3 ஆகச் சுருங்கியது. இந்தியாவிலும் வெட்டும் முறைகளே மேலோங்கின. இப்போது வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. 2025இல் அவை இந்தியச் சந்தைக்கும் வந்தன.

வளையத்தோடு வாழ்கிறவர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். உங்கள் வளையத்தின் வகை, கொள்ளளவு, இப்போது உள்ளிருக்கும் நீரின் அளவு ஆகியவற்றைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி எப்போதும் வைத்திருங்கள். உங்கள் ஊர் மருத்துவர் இந்தக் கருவியைப் பார்த்தே இராமல் இருக்கலாம். இரவில் இருமல், படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வருதல், கெட்டி உணவு திடீரென இறங்காமை இவற்றை 'இன்னும் மெலிவேன்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். வளையம் மிக இறுகியிருக்கிறது, அல்லது இடம் நழுவியிருக்கிறது. நீரை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மாமாவுக்கு 2018இல் அந்த இரவு இருமல் வந்தது. பேரியப் படத்தில் மேற்பை விரிந்திருந்தது. முதலில் பொருத்திய இடத்தில் வளையப் பிரிவையே மூடிவிட்டிருந்தார்கள்; வேறோர் இடத்தைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நீர் முழுவதையும் எடுத்தார்கள், இருமல் நின்றது. வளையத்தைக் கழற்ற இன்னோர் அறுவை வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், எடை 107 கிலோ. வெறுமையான வளையம் உள்ளேதான் இருக்கிறது. பதிவேட்டை இந்தக் கட்டுரைக்காக என்னிடம் கொடுத்தார். 2010ஆம் ஆண்டுப் பக்கத்தில் இரண்டாம் வரி: 'இறக்கியது 1. மீதி 2. தாள் படிக்கவில்லை.' யார் படிக்கவில்லை என்று எழுதவில்லை. கடைசி வரி: 'இறக்கியது 5.5. மீதி 0.'